கட்டுப் போட்டால் கால் பலம் குறையுமா?

விளையாட்டு மைதானங்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு.

"கணுக்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு ஆடாதே! கட்டுக்குப் பழகிவிட்டால் காலின் பலம் போய்விடும். பிறகு கட்டு இல்லாமல் நடக்கக்கூட முடியாது!"

பெரியவர்கள் இப்படிச் சொல்கிறார்கள். சில பயிற்சியாளர்களும் சொல்கிறார்கள். அதைக் கேட்ட பிள்ளைகள் கட்டைக் கழற்றி வீசிவிட்டு ஆடுகிறார்கள். ஒரு முறை பிசகிய கால் மறுபடியும் பிசகுகிறது. மூன்றாம் முறையும் பிசகுகிறது. கடைசியில், "இந்த ஆட்டமே வேண்டாம்" என்று வீட்டில் நிறுத்திவிடுகிறார்கள்.

ஆகவே இது சின்ன விஷயம் அல்ல. ஒரு பிள்ளையின் விளையாட்டு வாழ்க்கையே இதில் அடங்கி இருக்கிறது.

கட்டுப் போட்டால் தசை சோம்பிப் போகுமா? காலின் பலம் குறையுமா?

இந்தக் கேள்வியை விஞ்ஞானிகள் தசையிடமே கேட்டார்கள். தசையும் பதில் சொல்லிவிட்டது!

எது கட்டு?

கட்டு என்றவுடன் துணியைச் சுற்றிக் கட்டுவது என்று நினைத்துவிட வேண்டாம். அதுவும் ஒரு வகைக் கட்டுதான். ஆனால் இங்கே நாம் பேசுவது, விளையாட்டுக்காரர்கள் அணியும் கணுக்கால் கட்டு. கடைகளில் "ஆங்கிள் பிரேஸ்" என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள்.

இதில் முக்கியமாக இரண்டு வகை உண்டு.

ஒன்று, கெட்டித் துணியால் செய்தது. ஷூவுக்குக் கயிறு கட்டுவதுபோல இதற்கும் கயிறு உண்டு. சாக்ஸ் மேல் போட்டு, கயிற்றை இழுத்துக் கட்டி, அதன் மேல் ஷூவை மாட்டிக்கொள்ள வேண்டும்.

மற்றொன்று, கணுக்காலின் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் தகடு வைத்தது. குதிரைச் சேணத்தில் கால் வைக்கும் வளையம்போல, குதிகாலுக்கு அடியில் வந்து இரு பக்கமும் ஏறி நிற்கும்.

இரண்டுக்கும் வேலை ஒன்றுதான். பாதம் பக்கவாட்டில் மடங்காமல் தடுக்க வேண்டும். ஆனால் மேலும் கீழும் அசைவதைத் தடுக்கக் கூடாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

கால் எப்படிப் பிசகுகிறது?

முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகள் இருக்கின்றன. ஒன்று பருமன், மற்றொன்று ஒல்லி. இரண்டும் கீழே வந்து, பாதத்தின் மேல் எலும்பை இரு பக்கமும் கவ்விப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. கணுக்காலின் இரு பக்கமும் புடைத்துத் தெரிகிறதே, அவைதான் அந்தக் கவ்வியின் முனைகள்.

எலும்பு எலும்போடு சேர்ந்து நிற்க, நார்கள் கட்டிப் பிடித்திருக்கின்றன. உள்பக்கத்தில் இருக்கும் நார் அகலமானது, பலமானது. வெளிப்பக்கத்தில் மூன்று நார்கள் தனித் தனியாக இருக்கின்றன. அவற்றில் முன்னால் இருப்பதுதான் மிகவும் பலவீனமானது.

கைப்பந்து ஆட்டக்காரர் வலைக்கு அருகே துள்ளி எழும்புகிறார். பந்தை அடிக்கிறார். கீழே இறங்கும்போது எதிர்க்கட்சிக்காரரின் பாதத்தின் மேல் கால் வைத்துவிடுகிறார். அவ்வளவுதான்! உள்ளங்கால் உள்பக்கமாகத் திரும்புகிறது. உடம்பின் பாரம் முழுவதும் வெளிப்பக்க நார்களின் மேல் விழுகிறது. முன்னால் உள்ள நார் முதலில் கிழிகிறது. பாரம் அதிகமானால் அடுத்த நாரும் கிழிகிறது.

இதைத்தான் நாம் "சுளுக்கு" என்கிறோம். ஏதோ நரம்பு ஏறிக்கொண்டது, நீவிவிட்டால் இறங்கிவிடும் என்று நினைக்கிறோம். உண்மையில் உள்ளே நார் இழுபட்டிருக்கிறது, அல்லது கிழிந்திருக்கிறது.

காவல்காரத் தசை

கால் உள்பக்கமாக மடங்காமல் காப்பதற்கு இயற்கை ஒரு காவல்காரனை வைத்திருக்கிறது.

நாற்காலியில் உட்காருங்கள். முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே, காலின் வெளிப்பக்கத்தில் விரல்களை வையுங்கள். இப்போது பாதத்தை வெளிப்பக்கமாகத் திருப்புங்கள். விரலுக்கு அடியில் ஒரு தசை இறுகுவது தெரிகிறதா? அதுதான் அந்தக் காவல்காரன்!

அங்கே நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று என்று இரண்டு தசைகள் இருக்கின்றன. இரண்டும் கயிறுபோல் மெலிந்து, வெளிக்கணுவின் பின்பக்கமாக இறங்குகின்றன. குட்டைத் தசை சுண்டு விரல் பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. நீளத் தசை உள்ளங்காலின் அடியில் குறுக்கே ஓடி, பெருவிரல் பக்கத்து எலும்பைப் பிடித்துக்கொள்கிறது.

கால் உள்ளே மடங்கினால், இந்தத் தசைகள் வெளியே இழுக்க வேண்டும். அதுதான் அவற்றின் வேலை.

"கட்டுப் போட்டால் இந்தக் காவல்காரன் தூங்கிவிடுவான்" என்பதுதான் மைதானத்தில் பேசப்படும் பயம். வேலையைக் கட்டு செய்துவிடுகிறதே, தசைக்கு வேலை ஏது? வேலை இல்லாத தசை மெலிந்துவிடாதா?

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நியாயமாகத் தோன்றுவது எல்லாம் உண்மை ஆகிவிடாது. சோதித்துப் பார்க்க வேண்டும்.

தசையின் மின்சாரம்

தசை வேலை செய்யும்போது அதில் மிகச் சிறிய அளவில் மின்சாரம் உண்டாகிறது. தசைக்கும் மின்சாரத்துக்கும் சம்பந்தம் உண்டு என்று இத்தாலி நாட்டு விஞ்ஞானி கால்வானி, தவளைக் காலை வைத்துச் செய்த சோதனைகளை 1791-ல் வெளியிட்டார்.

இதயத்துக்கு "இ.சி.ஜி." எடுக்கிறார்கள் அல்லவா? அதேபோலக் கால் தசைக்கும் எடுக்கலாம். இதற்கு "இ.எம்.ஜி." என்று பெயர். தசைக்கு மேலே தோலில் சிறு வில்லைகளை ஒட்டுவார்கள். தசை எப்போது விழித்தது, எவ்வளவு வேகமாக விழித்தது, எவ்வளவு பலமாக வேலை செய்தது என்று கருவி கோடு போட்டுக் காட்டிவிடும்.

அடுத்து, காலை மடங்கச் செய்ய வேண்டும். அதற்கு ஒரு தந்திரம் கண்டுபிடித்தார்கள்.

ஒரு மேடை. அதில் ஒரு பலகை கதவுபோல் திறந்துகொள்ளும். விளையாட்டுக்காரர் அதன் மேல் நிற்பார். எப்போது திறக்கும் என்று அவருக்குத் தெரியாது. திடீரென்று பலகை சரியும். பாதம் உள்பக்கமாகச் சாயும். காயம் படாத அளவில் பலகை நின்றுவிடும். உடனே காவல்காரத் தசை துள்ளி எழும். பலகை சரிந்த நேரத்துக்கும் தசை விழித்த நேரத்துக்கும் உள்ள இடைவெளியைக் கருவி குறித்துக்கொள்ளும்.

ஒரு விநாடியை 1,000 கூறாக வெட்டுங்கள். அதில் ஏறக்குறைய 50 முதல் 80 கூறு நேரத்தில் தசை விழித்துக்கொள்கிறது. கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவு!

8 வாரம் கட்டினார்கள்

இனி முக்கியமான கட்டத்துக்கு வருவோம்.

அமெரிக்காவில் கார்டோவா என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு சோதனை நடத்தினார்கள். அதன் முடிவு 2000-ம் ஆண்டில் வெளிவந்தது. உடல்நலம் உள்ள 20 இளைஞர்களை எடுத்துக்கொண்டார்கள். 8 வாரங்கள் கணுக்கால் கட்டுப் போட்டால் காவல்காரத் தசை தாமதமாக விழிக்கிறதா என்று பார்த்தார்கள்.

முடிவு என்ன?

தாமதம் இல்லை! 8 வாரம் கட்டுப் போட்ட பிறகும் தசை பழைய வேகத்திலேயே விழித்தது.

சரி, வேகம் குறையவில்லை. பலம்? அதையும் பார்த்தார்கள். 2003-ல் கார்டோவாவும் இங்கர்சாலும் வெளியிட்ட முடிவு இன்னும் ஆச்சரியமானது. கட்டுப் போட்டபோது அந்தத் தசையின் துள்ளல் குறையவில்லை, கூடியது! கயிறு கட்டும் வகைக் கட்டைப் போட்ட உடனேயே கூடிவிட்டது.

அதற்கு முன்பே, 1992-ல், சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்களும் ஒன்றைக் கண்டார்கள். அடிக்கடி பிசகும் கால் உள்ளவர்களுக்குப் பசைப் பட்டையைச் சுற்றி ஒட்டினார்கள். தாமதமாக விழித்துக்கொண்டிருந்த தசை முன்னைவிடச் சீக்கிரம் விழித்தது. கணுக்காலின் தோலைப் பட்டை அழுத்துவதால், "கால் இப்படி இருக்கிறது" என்ற செய்தி மூளைக்கு நன்றாகப் போகிறது என்று பல நிபுணர்கள் கருதுகிறார்கள்.

எதிர்ப்பக்கத்தில் ஒரு சோதனையும் இருக்கிறது. அதையும் சொல்லிவிட வேண்டும். 2005-ல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்றில், கட்டோ பட்டையோ போட்டவர்களின் தசை சற்றுத் தாமதமாக விழித்தது. தசை சோம்பிவிட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை. கட்டு பிடித்திருப்பதால் கால் மெதுவாகச் சாய்கிறது. மெதுவாகச் சாய்ந்தால், தசைக்கு அபாய மணி அடிப்பதும் கொஞ்சம் தாமதிக்கும். திருடன் மெதுவாக வந்தால் நாய் மெதுவாகக் குரைக்கும். அதற்காக நாய்க்குக் காது கேட்கவில்லை என்று சொல்லலாமா?

பயம் எங்கிருந்து வந்தது?

அப்படியானால் "கால் மெலிந்துவிடும்" என்ற பேச்சு எப்படிக் கிளம்பியது?

மாவுக்கட்டிலிருந்து கிளம்பியது!

எலும்பு முறிந்தால் மாவுக்கட்டுப் போடுகிறார்கள். பல வாரம் கழித்துப் பிரிக்கிறார்கள். பார்த்தால் கால் குச்சிபோல் இருக்கிறது. கெண்டைச் சதை வற்றிப் போயிருக்கிறது. இதைப் பார்த்தவர்கள், எந்தக் கட்டுப் போட்டாலும் இந்தக் கதிதான் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

மாவுக்கட்டு காலை அசையவே விடாது. இரவு பகலாக அப்படியே இருக்கும். அசையாத தசை மெலியத்தான் செய்யும்.

கணுக்கால் கட்டு அப்படி அல்ல. மேலே சொன்னதை நினைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் மடங்குவதை மட்டும்தான் அது தடுக்கிறது. மேலும் கீழும் கால் அசைகிறது. ஓடலாம், குதிக்கலாம். ஆட்டம் முடிந்ததும் கழற்றி வைத்துவிடலாம். ஓடியாடும் கால் எப்படி மெலியும்?

மாவுக்கட்டுக்கு உரிய பயத்தைக் கணுக்கால் கட்டின் தலையில் ஏற்றிவிட்டோம். அதுதான் நடந்தது.

தசை மட்டும் போதாதா?

"கட்டே எதற்கு? தசையைப் பலப்படுத்தினால் போதாதா?" என்று சிலர் கேட்கலாம்.

தசை விழிப்பதற்கு 50 முதல் 80 கூறு நேரம் ஆகிறது என்று பார்த்தோம். விழிப்பது வேறு, முழு பலத்தோடு இழுப்பது வேறு. விழித்த பிறகு பலம் திரட்டுவதற்கு இன்னும் நேரம் வேண்டும். 1997-ல் டென்மார்க் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் இதை அளந்து பார்த்தார்கள். திடீரென்று கால் மடங்கும்போது, தசை பலம் திரட்டி எதிர்ப்பதற்குள் காரியம் முடிந்துவிடுகிறது என்று கண்டார்கள்.

காவல்காரன் வேகமானவன்தான். ஆனால் திருடன் அவனைவிட வேகமானவன்!

அப்படியானால் தசையால் பயன் இல்லையா? இருக்கிறது. குதித்தவர் தரையைத் தொடுவதற்கு முன்பே மூளை தசைக்கு உத்தரவு போடுகிறது. "தரை வரப் போகிறது, தயாராக இரு" என்கிறது. தசை முன்கூட்டியே இறுகிக்கொள்கிறது. பாதம் சரியான கோணத்தில் தரையைத் தொடுகிறது. நல்ல பயிற்சி பெற்ற கால் இதைத் தானாகவே செய்யும்.

ஆகவே தசை, கால் மடங்குவதற்கு முன் காப்பாற்றுகிறது. கட்டு, மடங்கும்போது காப்பாற்றுகிறது. ஒன்றின் வேலையை மற்றொன்று பறிப்பது இல்லை.

1,460 மாணவ-மாணவிகள்

தசை என்ன சொன்னது என்று கேட்டோம். மைதானம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் வெஸ்ட் பாயிண்ட் என்ற இடத்தில் ராணுவக் கல்லூரி இருக்கிறது. அங்கே கூடைப்பந்து ஆடிய 1,601 பயிற்சி வீரர்களை இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குக் கட்டு. மற்றதற்குக் கட்டு இல்லை. கட்டுப் போட்டவர்களுக்குக் கணுக்கால் காயம் வெகுவாகக் குறைந்தது. இது 1994-ல் வெளிவந்த முடிவு.

பிறகு, விஸ்கான்சின் மாநிலத்தில் 46 உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த 1,460 கூடைப்பந்து மாணவ-மாணவிகளை வைத்து இன்னொரு சோதனை நடந்தது. முடிவு 2011-ல் வெளிவந்தது. 1,000 முறை ஆடினால், கட்டு இல்லாதவர்களுக்கு 1.41 காயம். கயிறு கட்டும் வகைக் கட்டுப் போட்டவர்களுக்கு 0.47 காயம். அதாவது மூன்றில் ஒரு பங்கு!

"கணுக்காலைக் கட்டினால் பாரம் முழங்காலுக்கு ஏறிவிடுமே?" என்ற சந்தேகமும் சிலருக்கு உண்டு. அதையும் பார்த்தார்கள். இந்தப் பள்ளிப் பிள்ளைகளின் முழங்கால் காயம் கூடவில்லை.

கட்டு ஒரு மந்திரம் அல்ல என்பதும் இதே சோதனையில் தெரிந்தது. கட்டையும் மீறிக் கால் பிசகியபோது, காயத்தின் கடுமை குறையவில்லை. எத்தனை முறை பிசகுகிறது என்பதைத்தான் கட்டு குறைத்தது.

யாருக்கு மிகவும் அவசியம்?

ஒரு முறை பிசகிய காலே மறுபடியும் பிசகும். இது விளையாட்டு வைத்தியர்கள் எல்லோரும் அறிந்த உண்மை.

ஏன் அப்படி? 1965-ல் இங்கிலாந்து டாக்டர் பிரீமன் ஒரு காரணம் சொன்னார். மூட்டில் உள்ள நார்களில் நுண்ணிய நரம்பு முனைகள் இருக்கின்றன. கால் எப்படி இருக்கிறது என்று மூளைக்குச் செய்தி அனுப்புவது அவற்றின் வேலை. நார் கிழியும்போது இந்த முனைகளும் சேதம் அடைகின்றன. வீக்கம் வற்றிவிடுகிறது, வலி போய்விடுகிறது, ஆனால் செய்தி மட்டும் சரியாகப் போவதில்லை. அதனால்தான் சமதரையில் நடக்கும்போதுகூடச் சிலருக்குக் கால் "தட்டுகிறது".

பிரீமன் ஒரு வழியும் சொன்னார். ஆடும் பலகையின் மேல் நின்று சமநிலை பழக வேண்டும். மூளைக்கும் காலுக்கும் மறுபடியும் பேச்சுவார்த்தை ஏற்பட வேண்டும் என்றார்.

தென் ஆப்பிரிக்காவில் 504 கால்பந்து வீரர்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. முன்பே பிசகிய கால் உள்ளவர்கள் கட்டுப் போட்டு ஆடினார்கள். மறுபடியும் பிசகுவது ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது! ஆனால் ஒரு முறையும் பிசகாதவர்களுக்குக் கட்டால் அவ்வளவு பலன் தெரியவில்லை. இதுவும் 1994-ல் வந்த முடிவு.

ஆகவே, ஒரு முறை பிசகிய காலுக்குக் கட்டு மிகவும் அவசியம். பிசகாத காலுக்கு, ஆட்டத்தைப் பொறுத்து யோசிக்கலாம்.

கட்டா? பயிற்சியா?

நெதர்லாந்து நாட்டில் இதையும் போட்டி வைத்துப் பார்த்துவிட்டார்கள்.

கால் பிசகிக் குணமான 384 விளையாட்டுக்காரர்களை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். முதல் பிரிவுக்கு 8 வாரம் சமநிலைப் பயிற்சி. இரண்டாவது பிரிவுக்கு, விளையாடும்போதெல்லாம் ஓர் ஆண்டுக்குக் கட்டு. மூன்றாவது பிரிவுக்கு 8 வாரம் பயிற்சியும் கட்டும்.

ஓர் ஆண்டு முடிந்தது. கணக்குப் பார்த்தார்கள். பயிற்சி மட்டும் செய்தவர்களில் நூற்றுக்கு 27 பேருக்கு மறுபடியும் பிசகியிருந்தது. கட்டுப் போட்டவர்களில் 15 பேருக்கு. இரண்டையும் 8 வாரம் செய்தவர்களில் 19 பேருக்கு. இது 2014-ல் வெளிவந்தது.

கட்டு ஜெயித்துவிட்டது! ஓர் ஆண்டு போட்ட கட்டு, 8 வாரப் பயிற்சியை முந்திவிட்டது.

அப்படியானால் பயிற்சியைத் தூக்கி எறிந்துவிடலாமா? கூடாது! கட்டு ஆட்டத்தின்போது மட்டும்தான் இருக்கும். படி இறங்கும்போதும் பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போதும் கட்டு வராது. அப்போது காலைக் காப்பது பழக்கப்பட்ட தசைதான். நெதர்லாந்துக் கைப்பந்து ஆட்டக்காரர்களிடம் நடத்திய இன்னொரு சோதனையில், முன்பு பிசகிய கால் உள்ளவர்களுக்கு ஆடும் பலகைப் பயிற்சி நல்ல பலன் கொடுத்தது. அது 2004-ல் வெளிவந்தது.

கட்டு ஒரு கண். பயிற்சி மற்றொரு கண். எதை இழக்கச் சம்மதிப்பீர்கள்?

கரியின் கால்கள்

அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் ஸ்டீபன் கரியின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

ஆரம்பத்தில் அவருடைய கணுக்கால்தான் அவருக்கு எதிரி. வலது கணுக்கால் அடிக்கடி பிசகியது. 2011-ல் ஓர் ஆபரேஷன். 2012-ல் மற்றோர் ஆபரேஷன். இடையில் வந்த ஆட்டப் பருவத்தில் 26 ஆட்டங்களில்தான் அவரால் ஆட முடிந்தது. "இவர் கதை முடிந்தது" என்று பேசியவர்களும் உண்டு.

கரி என்ன செய்தார்? கணுக்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு ஆடினார். அதோடு நிற்கவில்லை. இடுப்பையும் தொடையையும் பலப்படுத்தினார். திரும்பும்போதும் நிற்கும்போதும் பாரம் கணுக்காலில் விழாமல் இடுப்பில் விழும்படி உடம்பைப் பழக்கினார்.

2015-லும் 2016-லும் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தில் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் என்ற பரிசு அவருக்கே கிடைத்தது. அவருடைய அணி 2015, 2017, 2018, 2022 ஆகிய ஆண்டுகளில் வெற்றிக் கோப்பையைத் தட்டிச் சென்றது. 2024-ல் பாரீஸ் ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கமும் பெற்றார்.

கட்டுப் போட்ட கால் பலவீனமான கால் என்று யார் சொன்னது?

பசைப் பட்டை போதுமா?

கட்டுக்குப் பதிலாகப் பசைப் பட்டை ஒட்டிக்கொள்ளும் வழக்கமும் உண்டு. ஒட்டியவுடன் நன்றாகப் பிடிக்கும். ஆனால் எவ்வளவு நேரம்?

1962-லேயே இதை அளந்து பார்த்துவிட்டார்கள். 10 நிமிடம் மும்முரமாக ஆடினால், பட்டையின் பிடிப்பில் நூற்றுக்கு 40 பங்கு போய்விடுகிறது. வியர்வையில் பசை நழுவுகிறது, பட்டை தளர்கிறது. ஒட்டவும் பழகிய கை வேண்டும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் புதுப் பட்டை வேண்டும்.

கட்டு தளர்ந்தால், ஆட்டத்தின் நடுவிலேயே கயிற்றை இழுத்துக் கட்டிக்கொள்ளலாம். அதை யார் உதவியும் இல்லாமல் பிள்ளைகளே போட்டுக்கொள்ளலாம்.

வீட்டில் என்ன செய்ய வேண்டும்?

கால் பிசகியவுடன் ஆட்டத்தை நிறுத்த வேண்டும். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி ஒத்தடம் கொடுக்கலாம். காலைத் தலையணை மேல் உயர்த்தி வைக்க வேண்டும்.

உடனே எண்ணெய் தடவி இழுத்து நீவிவிடக் கூடாது. எலும்பு முறிந்திருந்தால், நீவுவது பெரிய ஆபத்து.

முறிவா, சுளுக்கா என்று எப்படித் தெரியும்? கனடா நாட்டின் ஒட்டாவா நகர டாக்டர்கள் 1992-ல் எளிய விதி ஒன்றை வகுத்தார்கள். நான்கு அடி எடுத்து வைக்க முடிகிறதா? முடியவில்லை என்றால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். கணுவின் எலும்பைப் பின்பக்கமாகவோ நுனியிலோ தொட்டால் வலிக்கிறதா? பாதத்தின் வெளிவிளிம்பில் நடுவில் புடைத்திருக்கும் எலும்போ, உள்பக்கம் கணுவுக்கு முன்னால் உள்ள எலும்போ தொட்டால் வலிக்கிறதா? வலித்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். எக்ஸ்ரே வேண்டுமா என்று அவர் சொல்வார்.

வலி குறைந்த பிறகு பயிற்சியைத் தொடங்கலாம். சுவர் ஓரமாக ஒற்றைக் காலில் அரை நிமிடம் நிற்கப் பழகட்டும். பல் துலக்கும்போதே செய்யலாம். நன்றாகப் பழகிய பிறகு கண்ணை மூடிக்கொண்டு நிற்கட்டும். பிடித்துக்கொள்ளச் சுவர் அருகில் இருக்க வேண்டும். பிறகு மெதுவாக ஓட்டம். பிறகு குதித்தல். அதன் பிறகுதான் ஆட்டம்.

ஆட்டத்துக்குத் திரும்பும்போது கட்டு வேண்டும். ஓர் ஆண்டாவது வேண்டும். ஆடும்போது மட்டும் போட்டால் போதும். தூங்கும்போது வேண்டாம். விரல்கள் மரத்துப்போகும் அளவுக்கு இறுக்க வேண்டாம்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. கட்டு என்பது காயத்தை மறைக்கும் போர்வை அல்ல. வீங்கிய காலில் கட்டை இறுக்கிக்கொண்டு, "நாளை இறுதி ஆட்டம், எப்படியாவது ஆடிவிடு" என்று பிள்ளையை மைதானத்தில் தள்ளுவது பாவம்!

பள்ளிக்கூடங்களுக்கு ஒரு வார்த்தை

பள்ளி அணிக்குப் பந்து வாங்குகிறார்கள். வலை வாங்குகிறார்கள். வண்ணப் பனியன் வாங்குகிறார்கள். அந்தப் பட்டியலில் கணுக்கால் கட்டு நான்கு ஜோடியையும் சேர்த்துக்கொண்டால் என்ன? முன்பு கால் பிசகிய பிள்ளை யார் யார் என்று விளையாட்டு ஆசிரியர் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டால் என்ன? ஆட்டம் தொடங்கும் முன் ஐந்து நிமிடம் ஒற்றைக் காலில் நிற்கச் செய்வதற்குச் செலவே இல்லையே!

முக்கியமாக, பெண் பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மகன் கால் பிசகி வந்தால், "குணமானதும் போ" என்கிறோம். மகள் பிசகி வந்தால், "போதும், இனி விளையாட வேண்டாம்" என்று சொல்லும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. விளையாட்டின் மூலம் கல்லூரியில் இடமும், பிறகு வேலையும் பெறக்கூடிய பெண், ஒரு சுளுக்கினால் வீட்டோடு நின்றுவிடுகிறாள். நார் ஆறிவிடும். இழந்த வாய்ப்பு திரும்பி வருமா?

மகனுக்கு ஒரு சட்டம், மகளுக்கு ஒரு சட்டம் வேண்டாம். இருவருக்கும் ஒரே மருந்துதான்: ஓய்வு, பயிற்சி, கட்டு.

தசையிடம் கேட்டாகிவிட்டது. "கட்டு என்னைக் கெடுக்கவில்லை" என்று அது சொல்லிவிட்டது. இனி, "கட்டைக் கழற்று" என்று யாராவது சொன்னால், அவரிடம் பணிவாகக் கேளுங்கள்:

"எந்தத் தசை அப்படிச் சொன்னது, ஐயா?"